என் மாமனார் துவைத்த போர்வை

என் மாமனாரிடம் எதைக் காட்டினாலும் அதில் ஒரு பாடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறார், அதில் பன்னிரண்டு வருஷம் மேற்பார்வையாளராக. ஆனாலும் எங்கள் தேவாலயச் சபையில் யாருக்கும் அந்தப் பதவி நினைவில் இல்லை. அங்கே அவருக்குப் பெயர் பாடக்காரர்.

நான் லிப்ட் பழுதுபார்க்கிறவன். கல்யாணப் பேச்சுக்காக முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா, மேல போகணும்னா முதல்ல கதவ மூடணும். உலகத்துக்குக் கதவ மூடாதவன் பரலோகத்துக்கு ஏற முடியாது” என்றார்.

“கதவ மூடினா லிப்ட் கீழயும் போகுமே மாமா” என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

உள்ளறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். அத்தை மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “விடுங்க தம்பி, இவருக்குத் தும்மல் வந்தாலும் அதுக்கு ஒரு வசனம் வச்சிருப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சபையில் இரண்டாம் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஐந்து நிமிஷம் பேசலாம். வேறு யாரும் எழுந்திருக்காவிட்டால் மாமனார் எழுந்திருப்பார். வேறு யாராவது எழுந்தாலும் அவர் அடுத்து எழுந்திருப்பார். சாவி தொலைந்தது, தண்ணீர்க் குழாய் கசிந்தது, பேருந்து தவறியது, எல்லாமே செய்தியாகிவிடும். சரித்திரமும் நிறையப் படிப்பார். பழைய ரோமாபுரியில் துணி வெளுக்கிறவர்கள் மூத்திரம் ஊற்றிய தொட்டியில் துணியைப் போட்டுக் காலால் மிதிப்பார்களாம். ‘மிதிபட்டால்தான் வெளுப்போம்’ என்று ஒரு ஞாயிறு பேசினார். ஆராதனையில் மூத்திரம் என்று சொல்லலாமா என்று அத்தை மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நான் கிண்டல் செய்வேனே தவிர, எனக்கு அது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை உயரமான ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் பெஞ்சுகளின் மேல் விழும். வாரம் முழுக்க லிப்ட் குழியில் இறங்கி ஏறிய உடம்பு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த மயக்கத்தில் அவர் குரல் எங்கிருந்தோ வரும். குழாய்த் தண்ணீரும் யாக்கோபின் கிணறும், தொலைந்த சாவியும் தொலைந்த வெள்ளிக்காசும் ஒன்றோடொன்று கலந்து, உலகத்தில் எதுவும் சும்மா நடக்கவில்லை என்று அந்த ஐந்து நிமிஷம் தோன்றும். பக்கத்தில் மனைவியின் தோள் என் தோள்மேல் சாய்ந்திருக்கும். அந்த நாட்களில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு எங்கள் மகன் பிறந்தான். இரண்டரை மாதம் முன்னதாகவே வந்துவிட்டான். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். மாமனார் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிதான். அவனுக்கு விரித்த துணியெல்லாம் அவர் கையால் வெளுத்தது. பதினோராம் நாள் காலை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார். குழாய்களைக் கழற்றி, அவனை ஒரு சின்ன மஞ்சள் போர்வையில் சுற்றி என் மனைவியின் கையில் கொடுத்தார்கள். அந்தப் போர்வை அவள் மாசமாக இருந்தபோது தன் கையால் தைத்தது. இரண்டு மணி நேரம் அவள் மார்போடு அணைத்து வைத்திருந்தாள். அவ்வளவுதான் அவன் எங்களோடு இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவன் உடம்பில் பட்டதில் எங்களிடம் மிச்சமிருந்தது அந்தப் போர்வை ஒன்றுதான். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். தினமும் மத்தியானம் ஒரு தடவை முடிச்சை அவிழ்த்து, முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுப்பாள். பிறகு மளமளவென்று கட்டிவிடுவாள். வாசனை வெளியே போய்விடும் என்று பயம். நான் ஒரு தடவை அதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் வந்துவிட்டேன். வீடு முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்த நாட்கள் அவை. சத்தங்கள் தாமதமாகக் காதுக்கு வரும். நேரம் நகர்ந்ததா என்று தெரியாது. அவள் அழவே இல்லை. ஒரு சொட்டுக்கூட.

நாற்பது நாள் ஆனதும், இந்த ஞாயிறு கோயிலுக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாமனாரும் அத்தையும் வந்தார்கள். அத்தை சமைத்தார், மாமனார் வீட்டை ஒழுங்குபடுத்தினார். அழுக்குத் துணியெல்லாம் மூட்டையாகக் கட்டினார். அப்போது அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பையும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன்.

அவர் என்ன செய்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷம் கறை எடுத்தவர். பையைப் பிரித்தால் பாலும் மருந்தும் படிந்து, ஓரத்தில் பழுப்பேறிய ஒரு குழந்தைப் போர்வை. மகள் இதை இப்படிப் பார்த்து மனசு உடையக் கூடாது என்று நினைத்தார். அன்பு என்பது அவர் கைக்கு அப்படித்தான் தெரியும். யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தார். கையில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். “ஒரு குழந்தையோட போர்வை. எத்தனையோ கறை. நேத்து என் கையால துவைச்சேன், மெஷின்ல இல்ல, கையால” என்று ஆரம்பித்தார். காகிதத்தைப் பிரித்து, போர்வையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தது. புதுசுபோல இருந்தது. ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன பனியை, வெண்மையை, ஆண்டவர் நம் துக்கத்தின் கறையை எப்படி எடுக்கிறார் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். குரல் தழுதழுத்தது. பின்வரிசையில் ஒருவர் தோத்திரம் என்றார்.

என் தோளில் சாய்ந்திருந்த தோள் விலகியது. என் மனைவி எழுந்து நடந்து முன்னால் போனாள். அவர் கையிலிருந்து போர்வையை வாங்கி முகத்தில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு இடத்தில் வைத்து இழுத்தாள். ஓரத்தில், நடுவில், மறுபக்கத்தில். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. சோப்பு வாசனையைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை என்று அவளுக்குப் புரிய அத்தனை நேரம் எடுத்தது. பிறகு அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தினவள், அதன்பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். பிளாஸ்டிக் பை ஏன், முடிச்சு ஏன் என்று. சொல்லும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது, மறைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் மனுஷன் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே வேலை முடிந்து சாயங்காலம் வந்து, சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேச ஆரம்பித்தார்.

“அம்மா, தாவீது ராஜா தெரியும்ல? பிள்ளை செத்ததும் தரையவிட்டு எழுந்து, குளிச்சு, துணி மாத்திக்கிட்டு, ஆண்டவரோட ஆலயத்துக்குப் போனான். அவன் எங்கிட்ட வரமாட்டான், நான்தான் அவன்கிட்டப் போவேன்னு சொன்னான். அந்த நம்பிக்கை நமக்கும் இருக்குதும்மா.”

உள்ளே மின்விசிறியின் வேகம் கூடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் குயவன் கைக் களிமண் வந்தது. அதற்கு மறுநாள் அக்கினியில் புடமிட்ட பொன். நாலாம் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “மாமா, போதும். தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை போனில் அழுதார்: “அவளும் எங்கிட்ட ஒழுங்காப் பேச மாட்டேங்கிறா. இவரு ராத்திரி சாப்பாட்டையே தொடுறதில்ல தம்பி. நான் எந்தப் பக்கம்னு நிக்கிறது?”

அத்தைக்காகத்தான் நான் சலவைப் பிரிவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது அது. நடைவழியில் இறங்கும்போதே சூடான ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். உள்ளே எல்லாமே வெள்ளை. ஆவிக்குள் ஆட்கள் பாதி தெரிந்து பாதி மறைந்து நடமாடுகிறார்கள். விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாக உருளைக்குள் போய், மறுபக்கம் காய்ந்து நீளமாக வழிந்து வருகின்றன. இயந்திரங்களின் ஒரே சுருதியான முனகலில் நின்றால் கண் சொக்கிவிடும். யார் படுத்தது, யார் எழுந்தது, யார் எழவே இல்லை என்பதெல்லாம் இந்த ஆவியோடு போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் கோடியில் மடிக்கும் மேசையருகே தனியாக நின்றிருந்தார். தலையணை உறைகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேசையின் மறுபக்கத்தைக் காட்டினார். நானும் ஒரு உறையை எடுத்தேன்.

“மாப்பிள்ளை, கல்லறையில துணி மடிச்சு வச்சிருந்துச்சுன்னு வேதத்துல இருக்குல்ல? ஆண்டவர் தலையில சுத்தியிருந்த துணி, தனியா மடிச்சு” என்றார்.

“மாமா…” என்று பல்லைக் கடித்தேன்.

“கேளுங்க. அத வச்சு நான் எத்தனை தடவை பேசியிருக்கேன் தெரியுமா? மடிக்கிறது என் வேலையாச்சே, ஆண்டவரே மடிச்சாருன்னு எனக்கு ஒரே பெருமை. முப்பது வருஷமாப் பேசிட்டு, நேத்துத்தான் ஒண்ணு கவனிச்சேன். அத யாரும் துவைக்கல.”

அவர் கை நின்றுவிட்டது.

“ரத்தம் இருந்திருக்கும். பூசின தைலம் இருந்திருக்கும். அப்படியே மடிச்சு வச்சுட்டுப் போனாரு. சீஷன் ஒருத்தன் உள்ள வந்து அத அப்படியே பாத்துத்தான் விசுவாசிச்சான். அவர் உடம்பும் அப்படித்தானே? செத்து எழுந்த உடம்பு, எந்தக் குறையும் இல்லாத உடம்பு. அதுல ஆணித் தழும்பு மட்டும் போகல. போக்கத் தெரியாதா அவருக்கு? சந்தேகப்பட்ட சீஷன் தோமா தொட்டுப் பாக்கட்டும்னு விட்டு வச்சாரு.” மூக்கை உறிஞ்சினார். “ரோமாபுரியில நிலத்துக்கு அடியில விசுவாசிகளோட கல்லறைங்க இருக்கு. குழந்தைங்க குழிய மூடுறப்ப, ஈரச் சுண்ணாம்புல அதுங்க விளையாடின பொம்மைய அழுத்தி வச்சிருக்காங்க. நானா இருந்தா அந்தப் பொம்மையத் தேச்சுக் கழுவியிருப்பேன் மாப்பிள்ளை.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. “நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இத அவகிட்டப் போய்ச் சொல்லிடாதீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. “இல்ல. இது எனக்கு வந்தது. அவளுக்கில்ல” என்றார்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேசவில்லை. நான் டீ கொடுத்தேன், குடித்தார். ஜன்னலிலிருந்து மஞ்சள் வெயில் தரையில் நீண்டு, அவர் காலைத் தொட்டு, சுவரேறி, மறைந்தது. எழுந்து போனார். அடுத்த நாளும் அப்படித்தான். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். இவர் எட்டாம் நாளும் வந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சில சமயம் இரண்டு பேருமே தூங்கியிருக்கிறோம்.

பத்தொன்பதாவது நாள் கதவு திறந்தது.

என் மனைவி வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. அவர் எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வந்து அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன்ப்பா துவைச்சீங்க?”

“கறை இருந்துச்சும்மா. பாத்ததும் கை சும்மா இருக்கல.” தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “தப்புப் பண்ணிட்டேன். அதைக் கோயில்ல வச்சுப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரும்மா.”

அதோடு நிறுத்திக்கொண்டார். ‘ஆனா’ என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்கு மறந்துக்கிட்டே வருதுப்பா. முகம் போட்டோல இருக்கு. வாசனை எங்கயும் இல்ல. தினம் ஞாபகப்படுத்திப் பாக்குறேன், சோப்பு வாசனைதான் வருது. உள்ள படுத்துக்கிட்டு அதைத்தான் தேடிட்டு இருக்கேன். நாளைக்குச் சுத்தமாப் போயிரும்.”

மாமனார் மிகவும் தயங்கி, “நான் மோந்து பாத்தேன்மா” என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

“எந்தத் துணியையும் மோந்து பாக்காம நாங்க தண்ணியில போட மாட்டோம். ரத்தமா, எண்ணெயா, மருந்தான்னு மூக்குத்தான் சொல்லும். அதுக்கேத்த மாதிரி தண்ணி வைக்கணும். அன்னைக்கும் ஓரம் ஓரமாப் பாத்தேன். முப்பத்தோரு வருஷ மூக்கும்மா, எதையும் மறக்காது.”

“சொல்லுங்க” என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை, கிட்டத்தட்ட அதட்டல்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை அது. கணக்கெடுக்கிறவர் குரல்போல நிதானமாக இருந்தது.

“கால் பக்கம் ஸ்பிரிட்டு வாசனை. ஊசி போட்ட இடத்துல ஒட்டின பிளாஸ்திரியோட பசையும் கொஞ்சம். நடுவுல பால், லேசாப் புளிச்சு. அது உன் பால்மா, பவுடர் பால்னா வேற மாதிரி இருக்கும். வலது ஓரம் உன் வேர்வை. அங்கதான் நீ பிடிச்சிருப்ப. அப்புறம் தலைப் பக்கம்…”

மூக்கால் ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

“தலைப் பக்கம், அப்பத்தான் பிச்ச ரொட்டி மாதிரி. சூடில்ல, ஆறின ரொட்டி. மருந்து வாசனைக்கு அடியில இருந்துச்சு, சீக்கிரம் தெரியாது. மூக்க அழுத்தி வச்சாத்தான் தெரியும். நீ பிறந்தப்ப உன் உச்சியிலயும் அதேதான் இருந்துச்சு.”

“ரொட்டி” என்றாள் என் மனைவி. “ஆமா. ஆமாப்பா. ரொட்டிதான்.” வாயைக் கையால் பொத்தினாள். அறுபது நாளுக்கு மேல் எங்கே இருந்ததோ அந்த அழுகை, அப்போது வந்தது. அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்திருந்தார். அழாதே என்று சொல்லவில்லை, அழு என்றும் சொல்லவில்லை.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், அந்த இரண்டு மணி நேரத்தில், வாங்குங்கள் என்று அவள் மூன்று தடவை அவனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. தூக்கிவிட்டால் விட முடியாது என்று பயந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கினால் அவன் எப்படி இருந்தான், என்ன வாசனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

அவள் அழுகை ஓய்ந்து மூச்சு சீராகிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“மாமா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்ல இருந்து.”